ஐநூறு கிலோமீட்டர்

வேர்கிளம்பி ஏற்றத்தில் வண்டி செத்துப்போகும்.
இரண்டு பெட்டி சாளை, ஒரு பெட்டி அயலை,
உருகும் ஐஸ், அதற்கு மேல் நான்.
இறங்கித் தள்ளுவேன்.
ஜெபசிங் நாலு ஸ்ட்ரோக்கில் ஹாரன் அடித்துக் கடப்பான்.
நான் குலசேகரம் சேரும்போது
பால்வெட்டு முடிந்து வந்தவர்கள்
அவனிடம் வாங்கிய மீனைக்
கழுவிக்கொண்டிருப்பார்கள்.

நாகர்கோவிலில் பார்ட்ஸ் கடைப் பையன்
"மகனுக்கா? ரேஸுக்கா?" என்றான்.
"அயலைக்கு" என்றேன்.
சிரிக்கவில்லை.
பெரிய சிலிண்டரையும் புது கிராங்கையும்
பேப்பரில் சுற்றித் தந்தான்.
என் சீட்டுப் பணம்
ஒரு பச்சைக்குழந்தையின் கனம் இருந்தது.

திங்கள்சந்தை, வில்சிங் பட்டறை, சனி ராத்திரி.
ஞாயிறு எங்களுக்குக் கடல் இல்லை.
மேக்னெட்டைக் கழற்றி
சிப்பியைப்போல் எஞ்சினைத் திறந்தான்.
பழைய கிராங்கின் ராடைப் பிடித்து
மேலும் கீழும் ஆட்டினான்.
டக். டக்.
பதினொரு வருஷமாக என் தொடைக்குக் கீழே
தட்டிக்கொண்டிருந்தது இதுதானா.
நான் அதை ரோடு என்று நினைத்திருந்தேன்.

"சிலிண்டரை மட்டும் மாத்துனா போதாதா?"
"மேல இடி பெருசாவும்.
கீழ தாங்கணும்லா, அக்கா."

புது சிலிண்டர் கேஸ் வாயில் இறங்கவில்லை.
லேத்துக்காரர் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்.
பத்தரைக்கு வந்தார்,
பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டி
ஜவ்வாது மணக்க
மெஷின் முன்னால் நின்றார்.
இரும்புச் சீவல் சுருள் சுருளாக விழுந்தது.

அதுவரை நான்
சிலிண்டருக்குள் விரல் விட்டுத் தடவிக்கொண்டிருந்தேன்.
பக்கத்துக்குப் பக்கம் வாய்கள்.
போர்ட், என்றான் வில்சிங்.
செவுள், என்றேன்.
மற்றதெல்லாம் அவன் சாமான்,
இது ஒன்று எனக்குத் தெரியும்.

ரிங்கைத் தள்ளி இடைவெளி பார்த்தான்.
பிளக் துளையில் ஈயக்கம்பி விட்டு
மெல்லச் சுற்றி
நசுங்கிய முனையை அளந்தான்.
"ஒரு மில்லிக்குக் கொஞ்சம் கீழ."
நல்லதா கெட்டதா என்று
அவன் முகத்தில் தேடினேன்.
அங்கே கிரீஸ்தான் இருந்தது.

முதல் பூசைக்கு மணி அடித்தபோது உதைத்தேன்.
மூன்றாவது உதையில் புகை,
புகைக்குள்ளிருந்து
எனக்குப் பழக்கமில்லாத ஒரு குரல்.
எதிர்வீட்டு நாய் எழுந்து நின்று பார்த்தது.

"கேட்டியளா அக்கா,
ஐநூறு கிலோமீட்டர் பைய போணும்.
நாப்பதைத் தாண்டப்பிடாது.
ஓயில் கூட்டி ஊத்துங்க.
ஏத்தத்துல முறுக்கினா பிஸ்டன் பிடிச்சிரும்."
"வேகத்துக்குத்தானே பைசா தந்தேன்."
"வேகம் உள்ள இருக்கு. எங்கயும் போவாது."

மீட்டர் எப்போதோ நின்றுவிட்டது.
கடன் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
போக வர எழுபது என்று எழுதினேன்.
ஒரே ஒரு பெட்டி மீன்.
சைக்கிள்காரர்கள் என்னைக் கடந்தார்கள்.
ஜெபசிங் ஹாரன்கூட அடிக்கவில்லை,
அதுதான் வலித்தது.
புதன்கிழமை திருவட்டாறு பாலத்தருகே
பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன்.
கருப்பட்டி நிறம்.
பாகு முறுகினது அல்ல,
சரியான பதம்.
நின்று வேடிக்கை பார்த்த பெண்ணுக்கும் காட்டினேன்.
"மீன் இருக்கா?" என்றாள்.

இரண்டாவது செவ்வாய்,
திங்கள்சந்தை தாண்டும்போது
நோட்டுக் கணக்கில் ஐநூறு.
மூன்று பெட்டி. முழு ஐஸ்.
வேர்கிளம்பி ஏற்றம் தொடங்கும் இடத்தில்
வழக்கமாக இறங்கும் என் இடதுகால்
தானாகவே ரோட்டைத் தேடியது.
மடக்கி வைத்தேன்.
முறுக்கினேன்.

வண்டி என்னை முன்னால் இழுத்தது,
யாரோ கையைப் பிடித்ததுபோல.
ஜெபசிங்கின் சட்டை முதுகு தெரிந்தது,
பிறகு கண்ணாடியில் அவன் முகம்,
பிறகு கண்ணாடியில் ரோடு மட்டும்.

உச்சியில்தான் ஞாபகம் வந்தது.
அந்தப் பக்கம் இறக்கம்.
சிலிண்டர் புதுசு, கிராங்க் புதுசு, ஜெட் புதுசு.
பிரேக்கை
வில்சிங்கும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டு செருப்பையும் தாரில் ஊன்றினேன்.
பின்னால் பெட்டிக்குள்
ஐஸ் கட்டி கட்டியாக
இன்னும் முட்டிக்கொண்டிருந்தது.